வாத்தியார், தர்மகர்த்தா, விழா இயக்குநர்: பெருங்கட்டூர் பொ. இராஜகோபாலின் கூத்து வாழ்க்கை

உத்திரமேரூர் வட்டாரத்தில் ஓர் ஊரில் பாரதம் வைத்திருக்கிறார்கள் என்றால், அந்த விழாவின் கலை இயக்குநர் யார் என்று எவரும் கேட்பதில்லை. கேட்டாலும் ஒரே பெயரைப் பதிலாகச் சொல்ல முடியாது. எத்தனை நாள் விழா, எவ்வளவு வரி, எந்த ஜமாவுக்கு (கூத்துக் குழுவுக்கு)த் தாம்பூலம் என்பதெல்லாம் தர்மகர்த்தாவும் ஊர்ப் பெரியவர்களும் முடிவு செய்வது. பகலில் வில்லிபாரதம் சொல்லும் பிரசங்கியார் கதையை எங்கே நிறுத்துகிறாரோ, அதை ஒட்டியே இரவுக் கூத்து அமையும். யாருக்கு எந்த வேஷம் என்பதைச் சொல்பவர் கூத்து வாத்தியார். அர்ச்சுனன் தபசு மரம் எப்போது நட வேண்டும், படுகளத்தில் துரியோதனன் மண்ணுருவம் எப்போது எழும்ப வேண்டும், தீமிதி எந்த நேரம் என்பவை கோயில் முறைக்கு உட்பட்டவை. பராந்தக சோழன் காலத்து 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகளில் வாரியம் வாரியமாக ஊர் வேலையைப் பிரித்துக்கொண்ட ஊர்தானே உத்திரமேரூர். விழாவை மட்டும் ஒருவர் கையில் கொடுப்பார்களா என்று வேடிக்கையாகக் கேட்கத் தோன்றுகிறது.

ஐரோப்பாவில் இந்தப் பொறுப்பு ஒருவரிடம் குவிந்ததற்குத் தெளிவான காலக்கணக்கு உண்டு. இரண்டாம் உலகப்போர் ஓய்ந்தபின், 1947இல், அவிஞ்ஞோனில் ழான் விலாரும் எடின்பரோவில் ருடால்ஃப் பிங்கும் விழாக்களைத் தொடங்கினார்கள். எந்த நாடகம், யார் நடிப்பது, எங்கே மேடை என்று தேர்ந்தெடுக்கும் அதிகாரம் ஒரு தனிமனிதரின் ரசனைக்கு வந்தது. அந்த அவிஞ்ஞோன் விழாவில்தான் 1985இல் பீட்டர் புரூக் ஒரு கல்குவாரியில் மகாபாரதத்தை ஒன்பது மணி நேரம் நிகழ்த்தினார். உலகம் வியந்தது. விடிய விடிய பாரதம் பார்த்துவிட்டு மறுநாள் நடவுக்குப் போகிற நம் வட்டாரத்தாருக்கு அதன் நீளத்தில் வியக்க ஒன்றும் இருந்திருக்காது.

விழா இயக்குநர் என்ற அந்தப் பதவி நம் பக்கத்தில் எப்படி உருவானது என்பதைக் காட்ட ஒரு வாழ்க்கை இருக்கிறது. பெருங்கட்டூர் பொ. இராஜகோபால் 1953இல் பிறந்தவர். தலைமுறைகளாகக் கூத்தாடிய குடும்பம். தந்தை பொன்னுசாமி நடிகர், வாத்தியார். பத்து வயதில் பள்ளிக்கூடத்தை விட்டுக் களரிக்கு வந்தார். பின்னாளில் தந்தையின் ஜமாவை ஏற்று நடத்தினார். இதுவரை அந்த வட்டாரத்தில் பலர் வாழ்ந்த வாழ்க்கைதான். ஆனால் அந்தப் பத்து வயதை அவர் மறக்கவில்லை. பிற்காலத்தில் அவர் எடுத்த பெரிய முடிவு அதிலிருந்தே கிளைத்தது.

அவர் வளர்ந்த காலத்தில் கூத்தின் பொருளாதாரம் மாறிக்கொண்டிருந்தது. சில குடும்பங்களுக்குச் சில ஊர்களில் ஆடும் உரிமையும் கடமையும் பரம்பரையாக இருந்த முறை தளர்ந்து, பேசிய தொகைக்கு ஆடும் ஜமாக்கள் பெருகின. இந்த மாற்றத்தை விரிவாக எழுதியவர் நெதர்லாந்தைச் சேர்ந்த ஆய்வாளர் ஹன்னே டி புருயின். கட்டைக்கூத்து பற்றிய அவர் நூல் 1999இல் வெளிவந்தது. அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்பே ஆல்ஃப் ஹில்டபைடல் திரௌபதி வழிபாட்டையும், ரிச்சர்ட் ஃப்ராஸ்கா தெருக்கூத்தையும் ஆராய்ந்து நூல்கள் வெளியிட்டார்கள். மற்ற இருவரிடமிருந்து டி புருயின் வேறுபடுவது, இராஜகோபாலை மணந்து இங்கேயே தங்கி, தான் ஆராய்ந்த கலையின் நிர்வாகத்தில் பங்கெடுத்ததில். ஆய்வாளர் விலகி நிற்க வேண்டும் என்பவர்களுக்கு இது உறுத்தலாக இருக்கலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கணக்கு எழுதாமல், ஆள் சேர்க்காமல், மானிய விண்ணப்பம் போடாமல் ஒரு ஜமாவின் உள்விவகாரம் பிடிபடாது.

1990இல் 17 கலைஞர்கள் கூடித் தமிழ்நாடு கட்டைக்கூத்துக் கலை வளர்ச்சி முன்னேற்றச் சங்கத்தைத் தொடங்கினார்கள். இராஜகோபால் அதன் முன்னோடிகளில் ஒருவர். கிரீடம், புஜகீர்த்தி, மார்புப் பதக்கம் ஆகிய மரக்கட்டை அணிகலன்களைச் சுட்டும் பெயரையே சங்கம் விரும்பித் தேர்ந்தது. தெருவில் ஆடுவது என்ற இளப்பம் ஒட்டிய ‘தெருக்கூத்து’ என்ற பெயரை அவர்கள் விரும்பவில்லை. இந்தப் பெயர்ச்சண்டை இன்னும் தீரவில்லை, அதை இங்கே வளர்க்க வேண்டியதில்லை. நம் கேள்விக்கு வேண்டியது வேறு. ஒரே கோயில் தாம்பூலத்துக்குப் போட்டியிடும் ஜமாக்காரர்கள் முதன்முறையாக ஒரு கூரையின் கீழ் உட்கார்ந்தார்கள். ஒரு ஜமாவின் வாத்தியார் தன் ஆட்களுக்கு மட்டும் வேஷம் பங்கிடுபவர். சங்கம் நடத்தும் விழாவில் பல ஜமாக்கள் ஆடும். எந்த ஜமா எந்த இரவு, எந்த ஆட்டம், முதல் ஆட்டம் யாருக்கு, விடியற்காலை ஆட்டம் யாருக்கு என்று ஒருவர் சொல்லியாக வேண்டும். அப்படிச் சொல்லும் இடத்துக்கு வந்தபோது இராஜகோபால் வாத்தியார் நிலையைத் தாண்டிவிட்டார்.

இதன் கனம் வெளியாருக்கு எளிதில் புரியாது. கோயில் பாரதத்தில் ஆட்டங்களின் வரிசையைக் கதையே தீர்மானிக்கிறது. துகிலுரிதலுக்கு முன் பதினெட்டாம் போர் வர முடியாது. கருமாதி வீட்டில் கர்ண மோட்சம்தான் கேட்பார்கள். கர்ணன் சாவில் தங்கள் வீட்டுச் சாவை அழுது தீர்க்கிறார்கள். இரண்டிலும் தேர்வு கலைஞனுடையது இல்லை. சங்க விழாவில் தெய்வமும் இல்லை, பிணமும் இல்லை. எதை ஆடுவது என்ற கேள்வி முதன்முறையாகக் கலைக்குள்ளிருந்தே எழுகிறது. பாரதக் கதைகளே ஓங்கிய ஆட்டவரிசைக்குப் பக்கத்தில் இராஜகோபால் ‘இராம இராவணா’ போன்ற புதிய ஆட்டங்களை எழுதி இயக்கியதற்கும், பின்னாளில் பாடகர்கள் டி.எம். கிருஷ்ணா, சங்கீதா சிவகுமார் ஆகியோருடன் கர்நாடக இசையையும் கூத்தையும் ஒரே மேடையில் வைத்ததற்கும் இந்தச் சுதந்திரமே இடம் கொடுத்தது.

இதில் ஓர் இழப்பும் உண்டு. வேண்டுதலுக்காக ஆடும் இரவில் பார்வையாளர் பாதித் தூக்கத்தில் இருந்தாலும் ஆட்டத்துக்குக் காரணம் இருக்கும். விழா இரவில் பார்வையாளர் விழித்திருக்க வேண்டும், ரசிக்க வேண்டும். முகவீணையும் மத்தளமும் அதேதான். ஆனால் திரைக்குப் பின்னிருந்து வேஷக்காரன் தன் வரவைப் பாடும்போது அவன் காத்திருப்பது அம்மனுக்கு அல்ல, கைத்தட்டலுக்கு. இராஜகோபாலின் பணியைப் போற்றுகிறவர்கள் இதைப் பேசாமல் கடந்துவிடுகிறார்கள்.

2002இல் காஞ்சிபுரத்தை அடுத்த புஞ்சரசந்தாங்கலில் கட்டைக்கூத்து குருகுலம் தொடங்கியது. பத்து வயதில் பள்ளியை விட்டவர், பிள்ளைகள் பள்ளிப் படிப்பையும் கூத்தையும் ஒருசேரக் கற்கும் இடத்தை அமைத்தார். பகலில் பாடம், அதோடு அடவும் பாட்டும் வாத்தியமும். பெண் பிள்ளைகளையும் சேர்த்தார்கள். ஆண்களே திரௌபதி கட்டிய கலையில், பெண்கள் துரியோதனன் கட்டி மேடையேறினார்கள். என் கணிப்பில் இதுவே அவர் செய்ததில் ஆழமானது. புதிய ஆட்டம் எழுதுவதை ஊர் மன்னித்துவிடும். வீட்டுப் பெண்ணை இரவெல்லாம் களரியில் நிறுத்துவதற்கு ஊரின் சம்மதம், பெற்றோரின் சம்மதம், வண்டி, துணை, தங்குமிடம் எல்லாம் வேண்டும். விழா இயக்குநரின் வேலையில் பெரும்பங்கு இப்படிப்பட்ட ஏற்பாடுதான்.

குருகுல வளாகத்திலும் விடிய விடிய நாடக விழாக்கள் நடந்தன. இவற்றோடு ஒப்பிடத் தக்கது செய்யாறு பக்கத்துப் புரிசை. ந. முத்துசாமி 1977இல் தொடங்கிய கூத்துப்பட்டறைக்கு ஊற்றாக இருந்தவர்களில் ஒருவர் புரிசை கண்ணப்பத் தம்பிரான். 2003இல் அவர் மறைந்தபின், குடும்பத்தார் அவர் நினைவாக ஆண்டுதோறும் இரவு விழா நடத்துகிறார்கள். நகரத்து நவீன நாடகக் குழுக்கள் கிராமத்துக்கு வந்து கூத்தோடு ஒரே களரியில் ஆடுகின்றன. புரிசை நகரத்தை ஊருக்குள் அழைத்தது. புஞ்சரசந்தாங்கல் அடுத்த தலைமுறையை ஊரிலேயே உருவாக்கப் பார்த்தது. முதலாவதற்கு நினைவு நாள் ஒன்று போதும், ஆண்டுக்கொரு முறை கூடிக் கலையலாம். இரண்டாவதற்கு ஆண்டு முழுக்க உலை எரிய வேண்டும். விடுதியில் பிள்ளைகளை வைத்துச் சோறு போடும் நிறுவனம் நன்கொடையையும், பிள்ளையை அனுப்பும் குடும்பங்களையும் நம்பியே நிற்கிறது. 2020இல் குருகுலம் மூடப்பட்டது.

அங்கே படித்தவர்களில் சிலர் இப்போது ஜமாக்களில் வேஷம் கட்டுகிறார்கள். வாத்தியார், நூலாசிரியர், சங்க நிர்வாகி, விழா அமைப்பாளர் என்று இராஜகோபால் ஒருவரிடம் சேர்ந்திருந்த வேலைகள் மறுபடி பல கைகளுக்குப் பிரிகின்றன. உத்திரமேரூர்ப் பக்கத்துக் கோயில்களில் தேதி குறிப்பதும் தாம்பூலம் மாற்றுவதும் தர்மகர்த்தாக்கள்தான்; அந்த அதிகாரத்தை எந்தச் சங்கமும் அவர்களிடமிருந்து எடுத்துக்கொள்ளவில்லை, எடுக்க முயலவும் இல்லை.