முத்துக்குளித்துறையின் இரு கோயில்கள்

வைப்பாறு கடலொடு கலக்குமிடத்தே அமைந்த ஊர் கீழவைப்பார். வேம்பாறு முதல் மணப்பாடு ஈறாகவுள்ள பரதவர் பேரூர்களை ‘ஏழூர்’ எனத் தொகுத்துரைப்பர். வைப்பாறும் அவற்றுள் ஒன்று, தலைமையுடையது தூத்துக்குடி. இக்கரையின் வரலாற்றை ஆய்வார் பெரும்பாலும் ஆட்சி மாற்றங்களையே அளவுகோலாகக் கொள்வர். நாம் ஈண்டுக் கட்டடங்களைச் சான்றாகக் கொண்டு நோக்குவோம்.

தூத்துக்குடியின் கடற்கரைப் பகுதியில் பழங்கோயில்கள் இரண்டு உள்ளன. ஒன்று பனிமய மாதா கோயில். ஏசு சபைத் துறவியாகிய விஜிலியூசு மான்சி 1712-இல் இதற்கு அடிக்கல் நாட்டினார். 1713 ஆகஸ்டு 5-இல் இது திருநிலைப்படுத்தப் பெற்றது. இதன் முகப்பு போர்த்துக்கீசியக் கட்டட மரபினைத் தழுவியது. மற்றொன்று ஒல்லாந்தர் எடுப்பித்த திரித்துவக் கோயில். அவர்தம் கம்பெனியின் மூவெழுத்து முத்திரையும் 1750 என்னும் ஆண்டும் அதன்கண் பொறிக்கப்பட்டுள்ளன.

இவ்வாண்டு வரிசை கருதத்தக்கது. 1658-இல் ஒல்லாந்தர் தூத்துக்குடியைப் போர்த்துக்கீசியரிடமிருந்து கைப்பற்றினர். கத்தோலிக்கக் குருமாரை வெளியேற்றினர். அவர்தம் போதகர் பால்தேயு அவ்வாண்டே இங்கு வந்து, பரதவரைத் தம் சமயத்திற்கு ஈர்க்க முயன்றார், பயன் விளைந்திலது. ஐம்பத்தைந்து ஆண்டு கழிந்தபின், ஒல்லாந்தர் ஆட்சியின்கீழேயே, போர்த்துக்கீசிய முகப்பொடு கத்தோலிக்கக் கோயில் எழுந்தது. இன்று நிற்கும் ஆள்வோர் கோயிலினும் ஆளப்பட்டோர் கோயில் முப்பத்தேழு ஆண்டு மூத்தது.

இதற்குக் காரணம் யாது? முத்தும் சங்கும் கடலடியிற் கிடப்பன. மூச்சடக்கி மூழ்குவார் இன்றேல், அவை எவர் உரிமையாயினும் பயனில்லை. சலாபத்திற்குப் படகும் மூழ்குநரும் அளித்தோருள் பரதவர் முதன்மையானவர். 1530-களில் தாம் ஏற்ற சமயத்தை அவர் கைவிடாராயினர். அவரைப் பகைத்துக் கடல்வளம் பெறுதல் கம்பெனியார்க்கு அரிது. ஆகவே அக்கோயிலுக்கு இடந்தந்தது ஆள்வோரின் சமயப் பொறையன்று, குளிப்போரின் இன்றியமையாமையே என்பது நம் கருத்து.

1825-இல் தூத்துக்குடி ஆங்கிலேயர் வசமாயிற்று. ஒல்லாந்தர் கோயிலும் பின்னர் ஆங்கிலத் திருச்சபையினர் வழிபாட்டிடமாயிற்று. பனிமய மாதா கோயிலோ பரதவர்க்கே உரியதாய் நின்றது. 1982-இல் பேராலயத் தகுதியும் பெற்றது.

எனவே, துறைமுக ஊரொன்றன் வரலாற்றைக் கொடி ஏறிய நாளால் மட்டும் கணித்தல் பொருந்தாது. சுவர் எழுந்த ஆண்டையும் உடன்வைத்து நோக்குதல் வேண்டும். கீழவைப்பார் முதலிய சிற்றூர்களின் கோயில்களையும் இம்முறையால் ஆராய்தல் இளம் ஆய்வாளர் கடனாகும்.