அர்த்தசாஸ்திரத்தின் பனைவில்லும் ஜாமதக்னியப் பொறியும்

அர்த்தசாஸ்திரம் இரண்டாம் அதிகரணம், பதினெட்டாம் அத்தியாயம் ஆயுதசாலை பற்றியது. அதன் நிலைப்பொறிகளுள் ஒன்று ஜாமதக்னியம். ஆர். ஷாமசாஸ்திரி தம் 1915 மொழிபெயர்ப்பில் அதற்கு ‘அம்பு எய்யும் பெரும்பொறி’ என்று குறிப்பு எழுதினார். குறுக்குவில்லின் இந்தியப் பழமையைத் தேடுவோருக்கு இதைவிட வசதியான சான்று கிடைக்காது. ஆனால் மூலம் தருவது பெயர் மட்டுமே. விளக்கம் உரைமரபின் வழி வந்தது. உரையை மூலமாக எண்ணியதே இங்கு நேர்ந்த பிழை.

அதே அத்தியாயம் கைவில்லின் மூலப்பொருள்களை நுட்பமாகப் பிரிக்கிறது. வில்லுக்குப் பனை, மூங்கில், மரம், கொம்பு. நாணுக்கு மூர்வா, எருக்கு, சணப்பு, கவேது, மூங்கில், தசைநார். மூங்கில் நாண் ஏட்டுக் கற்பனையன்று. மலபாரில் ஓணக்காலத்தில் இசைக்கும் வில்லுக்கு இன்றும் பனை அல்லது கமுகின் பாகத்தை வளைத்து மூங்கில் சிம்பை நாணாகக் கட்டுகிறார்கள். (பத்மநாபசுவாமி கோயிலில் திருவோணத்தன்று சமர்ப்பிக்கும் ஓணவில்லு வேறு; அது சித்திரம் தீட்டிய பலகை.) மூர்வா எந்தச் செடி என்பதோ சிக்கலானது. கேரள வைத்தியர்கள் பெருங்குரும்பையைக் கொள்கிறார்கள்; தாவரவியலாளர் ராக்ஸ்பரோ மருளைச் சொன்னார். மருள் நார் நாணுக்கு ஏற்றதென்பதால் இந்த இடத்தில் நான் அவர் பக்கம் சாய்கிறேன். நாரைப் பற்றிய இடத்தில் மருந்துச் சரக்கின் பெயரைச் சான்றாகக் கொள்வது சரியாகாது.

இனி, ஜாமதக்னியத்தை அம்புப் பொறியாகக் கொள்வதற்கு என் மறுப்பு. கல்லாயுதங்களை எண்ணும்போது நூலாசிரியர் பொறியால் வீசும் கல், கவண்கல், கையால் எறியும் கல் என்று பிரிக்கிறார். அம்புகளை எண்ணும்போதோ மூங்கில், நாணல், நாராசம் முதலிய வகைகள் உண்டு. பொறிக்குரிய அம்பு என்று ஒன்று இல்லை. அம்பு எய்யும் பெரும்பொறி ஆயுதசாலையில் இருந்திருந்தால், அதற்கென வடித்த கனத்த அம்புக்குத் தனி இடம் வேண்டாமா? பொறிக்கல்லை மறவாதவர் பொறியம்பை மட்டும் மறந்தார் என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. பெயர் சொல்லாமல் விட்டதைச் சான்றாக்குவது பலவீனமான வாதமே. எந்தப் பொறிக்கும் அவர் உறுப்போ மரமோ சொல்லவில்லை என்பதும் உண்மை. ஆயினும் பொறிக்கல் என்ற ஒரு பதிவு இருப்பதால் அம்புப் பட்டியலின் மௌனத்துக்குக் கனம் கூடுகிறது.

அடுத்து உரைமரபு. டி. கணபதி சாஸ்திரி 1924–25இல் திருவனந்தபுரம் சம்ஸ்கிருத வரிசையில் இந்நூலைப் பதிப்பித்தபோது பழைய மலையாள உரையைத் துணையாகக் கொண்டார். பாஷா கௌடலீயம் எனப்படும் அவ்வுரையை ஏறத்தாழ 12ஆம் நூற்றாண்டினது என்பர். அந்தக் காலக்கணிப்பும் உறுதியானதன்று. எவ்வாறாயினும் மூலத்துக்கும் அதற்கும் இடையே பல நூற்றாண்டுகள். அதற்குள் கோட்டைப் போரும் பொறிகளும் மாறியிருக்கும். தம் காலத்துப் பொறியைப் பழைய பெயரின்மேல் ஏற்றுவது உரையாசிரியர் எவருக்கும் எளிது.

சிலப்பதிகாரத்து மதுரைக் கோட்டையில் வளைவிற்பொறி உண்டே என்று தமிழறிந்தவர் கேட்பர். கேட்க வேண்டிய கேள்விதான். தானே வளைந்து எய்யும் எந்திரவில் என்று உரையாசிரியர் அடியார்க்கு நல்லார் விளக்குகிறார். சீவகசிந்தாமணியிலும் விற்பொறிகள் வருகின்றன. தமிழில் வில்லும் பொறியும் ஒரே சொல்லுக்குள் சேர்ந்துவிட்டன. ஜாமதக்னியத்தில் அந்தச் சேர்க்கை இல்லை. ஆகவே, இலக்கியச் சான்றைக் கொண்டு குறுக்குவில்லின் வரலாற்றை எழுதுவதானால் ஷாமசாஸ்திரியின் அடிக்குறிப்பிலிருந்து அன்று, இளங்கோவிலிருந்து தொடங்குவேன். காப்பியத்தின் காலம் மட்டும் தீரவில்லை. திருவனந்தபுரத்தில் தமிழ் கற்பித்த வையாபுரிப் பிள்ளை அதைப் பிற்காலத்துக்குத் தள்ளினார். இலங்கை மன்னன் கயவாகு பற்றிய குறிப்பைக் காலச் சான்றாக நம்புவோர் இரண்டாம் நூற்றாண்டை விடுவதில்லை.