வெள்ளையடிக்கப் பிடித்த பணம்

அய்யலூர் வியாழக்கிழமைச் சந்தையில் பல்லைப் பிரித்துப் பார்க்காமல், இடுப்பில் கை வைத்து அமுக்கிப் பார்க்காமல் ஓர் ஆடு கைமாறாது. வாடகை வீடு மட்டும் அப்படிக் கைமாறுவதில்லை. குடிவருகிறவர் அட்வான்ஸைக் கொடுத்து, சாவியை வாங்கி, நல்ல நேரத்தில் பால் காய்ச்சிவிடுகிறார். வீட்டைத் துருவிப் பார்ப்பது காலி செய்யும் நாளில்தான், அதுவும் வீட்டுக்காரர் மட்டும். மோட்டார் சுவிட்சைப் போடுவார், குழாயைத் திறந்து மூடுவார், காலண்டர் மாட்டிய ஆணித் துளைகளைப் பார்ப்பார், கடைசியில் “வெள்ளையடிக்க ஒரு மாச வாடகையப் பிடிச்சுக்கிறேன்” என்பார். தமிழ்நாடு முழுக்க நடப்பதுதான் இது. இந்த வழக்கம் வந்த வழியைப் பார்த்தால், வீட்டின் நிலையை அறிவதற்காக இது பிறந்ததாகத் தோன்றவில்லை. கையில் தங்கிவிட்ட அட்வான்ஸுக்குக் கணக்குச் சொல்லவே இது வளர்ந்தது என்பது என் வாதம்.

சட்டத்தில் குறை இருந்ததாகச் சொல்ல முடியாது. 1882ஆம் ஆண்டின் சொத்துரிமை மாற்றுச் சட்டம், 108ஆம் பிரிவில், குடியிருப்பவர் வீட்டைப் பெற்ற நிலையிலேயே திருப்பித் தர வேண்டும் என்கிறது. புழக்கத்தில் இயல்பாக வரும் தேய்மானத்துக்கு அவர் பொறுப்பில்லை. நியாயமான நேரத்தில் வந்து பார்க்கும் உரிமையை உரிமையாளருக்கும் தருகிறது. ஆனால் ‘பெற்ற நிலை’ எது என்பதை எழுதிவைக்கும் கட்டாயம் அதில் இல்லை. 1819இல் புதுச்சேரிக்கு வந்த பிரெஞ்சு சிவில் சட்டம் இந்த ஓட்டையை முன்கூட்டியே பார்த்திருந்தது. குடிபுகும்போது வீட்டு நிலைப் பட்டியல் எழுதினால் அதன்படி ஒப்படைக்க வேண்டும். எழுதாவிட்டால், மாறாக நிரூபிக்கும்வரை, வீடு நல்ல நிலையில் இருந்ததாகவே கொள்ளப்படும். குடியிருப்பவருக்குக் கடுமையான விதிதான். ஆனால் எழுதாமல் விட்டால் நட்டம் யாருக்கு என்பது முதல் நாளே தெரிந்துவிடும். எழுதச் சொல்லி அவரே கேட்பார். நம் பக்கம் அப்படிக் கேட்க யாருக்கும் அவசியம் வரவில்லை.

அவசியம் வராததற்குக் காரணம் வீடுகளிலும் இருந்தது. மண் சுவரும் ஓடும் இருந்த காலத்தில் பொங்கலுக்கு முன் சுண்ணாம்பைக் கரைத்து, துளி நீலம் கலந்து அடித்துவிட்டால் ஓராண்டுப் புகையும் கறையும் மறைந்துபோகும். செலவும் சொற்பம், அதைப் பெரும்பாலும் குடியிருப்பவரே செய்துகொள்வார். இன்னொரு காரணம் ஒத்தி. மதுரை, திண்டுக்கல் பக்கம் இன்றும் வீடு ஒத்திக்கு விடப்படுகிறது. மொத்தத் தொகையைக் கொடுத்துக் குடியேறுகிறார்கள். அதற்கு வட்டி இல்லை, வீட்டுக்கு வாடகை இல்லை. கெடு முடிந்ததும் தொகை முழுதாகத் திரும்ப வேண்டும். அனுபவ அடைமானம் என்ற பெயரில் 1882 சட்டமே இதை ஏற்று, சொந்தச் சொத்தைப்போலக் கவனமாகப் பராமரிக்கும் பொறுப்பை ஒத்திக்காரர்மேல் வைத்தது. அசல் முழுதாகத் திரும்பும் ஏற்பாட்டில் ஆணித் துளைக்கு விலை போடும் பழக்கம் எளிதில் முளைக்காது.

அந்தப் பழக்கத்தை அட்வான்ஸ் கொண்டுவந்தது. போர்க்கால வீட்டுத் தட்டுப்பாட்டில் பிறந்த வாடகைக் கட்டுப்பாடு 1960ஆம் ஆண்டுச் சட்டமாக நிலைபெற்றபோது, ஒரு மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது என்று சொன்னது. நகரங்களில் பத்து மாதம் வாங்கினார்கள். அச்சட்டம் பிரதானமாக மாநகரங்களையும் நகராட்சிகளையும் நோக்கி எழுதப்பட்டது. அய்யலூர் போன்ற பேரூர்களில் ஊர் வழக்கமே சட்டம். குடியிருப்பவர்களும் தங்களுக்கென ஒரு தற்காப்பு வைத்திருந்தார்கள்: கடைசி மாதங்களில் வாடகை கொடுக்காமல் “அட்வான்ஸ்ல கழிச்சுக்கங்க” என்பது. 1989இல் கூடூர் மாடர்ன் ஹோட்டல் வழக்கில், அதிகமாக வாங்கிய முன்பணத்தைக் கையில் வைத்துக்கொண்டே வாடகை பாக்கி என்று வெளியேற்ற முடியாது என உச்ச நீதிமன்றம் சொன்னது. அது ஆந்திரச் சட்டத்தின் கீழ் வந்தது. நம் சட்டத்திலும் முன்பண விதி ஏறக்குறைய அதேதான். இருவரும் பணத்தைச் சுற்றியே காய் நகர்த்த, வீட்டைப் பற்றிய பதிவு கடைசிவரை உருவாகவில்லை. இரண்டு மாதத்துக்கொருமுறை ரீடிங் எடுக்கும் மின்கட்டணமும் இடையில் மாட்டிக்கொள்ளும். காலி செய்யும் தேதிக்கும் அடுத்த ரீடிங்குக்கும் நடுவிலுள்ள யூனிட்டுகளை ஆளுக்கொரு கணக்காகப் போடுவார்கள்.

சிற்றூரில் எல்லோரும் தெரிந்தவர்கள், குடிபுகும்போது வீட்டு நிலைப் பட்டியல் கேட்டால் சந்தேகப்படுவதாக ஆகாதா என்பார்கள். பலமான ஆட்சேபம்தான். ஆனால் தெரிந்தவர்களுக்குள்தான் இந்தச் சண்டை வருடக்கணக்கில் பேச்சு இல்லாமல் ஆக்குகிறது. கதவைப் பெயர்த்து, வாஷ்பேசினை உடைத்துவிட்டுப் போகிறவர்களும் இருக்கிறார்களே என்பது வீட்டுக்காரர்களின் கேள்வி. உண்மை. பட்டியல் இல்லாமல் அதை நிரூபிக்க முடியாமல் திண்டாடுவதும் அவர்களே. இங்கிலாந்தில் 2007 முதல் முன்பணத்தைத் தனித் திட்டத்தின் பாதுகாப்பில் வைக்கும் விதி வந்தபின், பிடித்தம் செய்யும் காரணத்தை உரிமையாளரே நிரூபிக்க வேண்டியிருக்கிறது. குடிபுகும் நாள் பட்டியல் அங்கே தானாகப் பெருகியது.

2017இல் இயற்றப்பட்டு 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டுப் புதிய வாடகைச் சட்டம் பேரூராட்சிகளையும் தன் எல்லைக்குள் கொண்டுவந்தது. முன்பணத்துக்கு மூன்று மாத வாடகை என்ற அளவையும், காலி செய்த ஒரு மாதத்துக்குள் நியாயமான பிடித்தம் போக மீதியைத் தரவேண்டும் என்பதையும் வைத்தது. அதன் இணைப்பில் பழுதுகளைப் பங்கு பிரித்திருக்கிறார்கள். குழாய் வாஷர், சுவிட்ச், தாழ்ப்பாள், சாக்கடை அடைப்பு ஆகியவை குடியிருப்பவருக்கு. கட்டட அமைப்புப் பழுதும் வயரிங்கும் வீட்டுக்காரருக்கு. சுவருக்கு வெள்ளையடிப்பதும் கதவு சன்னலுக்குப் பெயிண்ட் அடிப்பதும்கூட வீட்டுக்காரர் பட்டியலில்தான் வருகின்றன. ஒரு மாத வாடகை பிடிக்கும்போது இந்த வரியை எடுத்துக் காட்டுகிற குடித்தனக்காரர் அபூர்வம்.