மதராஸில் மடித்த சதுரம்

ஒரு சதுரத் தாள் போதும். கத்தரிக்கோல் வேண்டாம், பசை வேண்டாம். பத்துப் பதினைந்து மடிப்பு, கடைசியில் ஓட்டை வழியாக ஒரு ஊது. அதுவரை தட்டையாகக் கிடந்த தாள் பொம்மென்று உப்பிக் கனசதுரமாக நிற்கும். அதே ஓட்டையில் தண்ணியை ஊற்றி மொட்டை மாடியிலிருந்து கீழே போகிறவன் தலையில் போட்டால் வேலை முடிந்தது. ஆங்கிலத்தில் இதன் பெயரே வாட்டர்பாம். ஜப்பானில் ஃபூசென், அதாவது பலூன்.

காகித மடிப்பு என்றாலே ஜப்பான் என்று நமக்கு மனதில் பதிந்துவிட்டது. ஆனால் இந்தக் குண்டின் பூர்வீகம் அவ்வளவு நேரான கதை இல்லை. ஜான் வெப்ஸ்டர் எழுதி 1623இல் அச்சான ‘டச்சஸ் ஆஃப் மால்ஃபி’ நாடகத்தில், சிறுவர்கள் ஈ பிடித்து அடைத்து வைக்கும் காகிதச் சிறை பற்றி ஒரு பேச்சு வருகிறது. அது இந்தக் குண்டாகத்தான் இருக்கும் என்பது ஒரிகாமி வரலாற்றை ஆராய்கிறவர்கள் சிலரின் ஊகம். ஊகம்தான், சாட்சியம் இல்லை. பையன்கள் விளையாட்டை யார் ஆவணப்படுத்தி வைக்கப்போகிறார்கள்?

எனக்கு இதில் பெரிய ஆச்சரியம் இங்கிலாந்தும் இல்லை, ஜப்பானும் இல்லை. மதராஸ்.

1893இல் மதராஸ் அடிசன் அச்சகம் ஒரு புத்தகம் வெளியிட்டது. காகித மடிப்பில் வடிவியல் பயிற்சிகள் என்று அதன் ஆங்கிலத் தலைப்பைத் தமிழில் சொல்லலாம். எழுதியவர் டி. சுந்தர ராவ். ஜெர்மானியக் கல்வியாளர் ஃப்ரோபெல் வகுத்த கிண்டர்கார்டன் முறையில் குழந்தைகளுக்குத் தரும் விளையாட்டுப் பெட்டிகள் உண்டு. அதில் எட்டாவது பெட்டியைப் பார்த்துத்தான் இந்த யோசனை வந்தது என்று முன்னுரையில் சொல்கிறார். பெட்டிக்குள் இருந்தது என்ன? 200 வண்ணச் சதுரத் தாள்கள், மடிக்க ஒரு கருவி, செய்முறைப் படங்கள். குழந்தை விளையாடுவதற்கு வந்த பெட்டியை ஒரு பெரியவர் திறந்து வடிவியலை எடுத்திருக்கிறார்.

புத்தகம் எப்படித் தொடங்குகிறது என்பதுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. எடுத்த எடுப்பில் சதுரம் கிடையாது. மேசைமேல் கோணல்மாணலாக ஒரு தாள். அதை மடித்தால் ஒரு நேர்கோடு. அந்தக் கோட்டை அதன்மேலேயே மடித்தால் செங்கோணம். அப்படித்தான் சதுரம் வருகிறது. சதுரத்தின் நான்கு முனைகளையும் மையத்துக்கு மடித்தால் பரப்பு பாதி. மறுபடி மடித்தால் கால். முடிவிலித் தொடர் கையில் கிடைக்கிறது, கரும்பலகையே தேவையில்லை. இப்படியே ஐங்கோணம், அறுகோணம், பதினைந்து பக்கப் பலகோணம், கடைசியில் கூம்பு வெட்டுகள் என்று 14 அத்தியாயங்கள்.

ஜெர்மனியின் பெரிய கணிதவியலாளர் ஃபெலிக்ஸ் க்ளைன் தன் நூலில் இதைக் குறிப்பிட்டார். அதைப் பார்த்து அமெரிக்காவில் பீமன், டேவிட் யூஜின் ஸ்மித் இருவரும் தொகுத்து, 1901இல் சிகாகோவில் ஓப்பன் கோர்ட் பதிப்பகம் மறுபதிப்பு கொண்டுவந்தது. 1936இல் இத்தாலியின் மார்கெரிட்டா பெலோக், அளவுகோலும் கவராயமும் தீர்க்க முடியாத முப்படிச் சமன்பாட்டைக் காகித மடிப்பு தீர்க்கும் என்று நிரூபித்தார். மதராஸில் அச்சான ஒரு புத்தகம் உலகம் சுற்றியிருக்கிறது. நானோ எஞ்சினியரிங் முடிக்கும்வரை சுந்தர ராவ் பெயரைக் கேள்விப்பட்டதே இல்லை. நான் படித்த பள்ளியில் கணக்கு வகுப்பில் காகிதம் மடித்தால் வெளியே போய் நிற்க வேண்டும்.

இத்தனைக்கும் அந்தக் குண்டுக்குள் இருப்பது சுத்தமான கணக்கு. முதல் கட்டத்தில் மையத்தில் ஆறு மடிப்புக் கோடுகள் சந்திக்கின்றன. நான்கு ஒரு பக்கம் மடியும், இரண்டு எதிர்ப்பக்கம். வித்தியாசம் இரண்டு. தட்டையாக மடியும் எந்தப் புள்ளியிலும் இந்த வித்தியாசம் இரண்டாகத்தான் வரும். இதை மேகாவா தேற்றம் என்கிறார்கள். 20 செ.மீ. தாளை மடித்தால் கனசதுரத்தின் பக்கம் அதில் கால்வாசி, 5 செ.மீ. கொள்ளளவு 125 மில்லி. ஆக்ஸ்ஃபோர்டில் ஷோங் யூவும் கவோரி குரிபயாஷியும் இதே மடிப்பை வைத்து, சுருங்கி ரத்தக் குழாய்க்குள் போய் விரியும் ஸ்டென்ட் ஒன்றை வடிவமைத்தார்கள்.

125 மில்லி தண்ணியின் மதிப்பு தெரிய வேண்டுமென்றால் சித்திரை மாதம் தல்லாகுளத்துக்கு வர வேண்டும். அழகர் மலையிலிருந்து இறங்கிவந்து, எதிர்சேவை முடிந்து, பிரசன்ன வெங்கடாசலபதி கோயிலில் தங்குவார். வேண்டுதல்காரர்கள் கருப்பசாமி வேடத்தில் ஆட்டுத்தோல் பையில் தண்ணி நிரப்பி, வாயில் குறுகலான குழாய் வைத்து அவர்மேல் பீய்ச்சுவார்கள். வெயிலில் வரும் சாமிக்குக் குளிர்ச்சி. தோல் தண்ணியைத் தாங்கும், காகிதம் தாங்காது. நார்களைப் பிடித்து வைத்திருக்கும் பிணைப்பை ஈரம் அவிழ்த்துவிடும். அதனால் குண்டை ஊற்றின கையோடு எறிந்துவிட வேண்டும். ஆனால் இரண்டும் ஒரே யோசனைதான்: தட்டையான ஒன்றைத் தண்ணி தங்கும் இடமாக்குவது. ஊர் கூடிச் செய்தால் அது வழிபாடு. பத்து வயதுப் பையன் செய்தால் சேட்டை.

போன சித்திரைக்குத் தல்லாகுளத்தில் அக்கா வீட்டு மாடியில் அக்கா பையனுக்கு இதைச் சொல்லிக் கொடுத்தேன். மூன்று குண்டு எறிந்த பிறகு கேட்டான்: “மாமா, ஆறு கோடுல ரெண்டு மட்டும் ஏன் எதிர்ப்பக்கம் மடியுது?” தேற்றத்தின் பெயரைச் சொல்லவில்லை. “வேற மாதிரி மடிச்சுப் பாருடா” என்றேன். மூன்று மூன்றாக முயன்றான், தாள் தட்டையாகவில்லை. ஐந்தும் ஒன்றும், அதுவும் இல்லை. அதன்பிறகு குண்டை மறந்துவிட்டான்.

சுந்தர ராவின் புத்தகம் பொம்மை செய்யச் சொல்லித் தரவில்லை. விளையாட்டுப் பெட்டியிலிருந்து பாடத்தை மட்டும் எடுத்துக்கொண்டது. நம் பள்ளிக்கூடங்கள் அந்தப் பாடத்திலிருந்து காகிதத்தையும் எடுத்துவிட்டு, அச்சடித்த படத்தை வைத்தன. இரண்டாவது இழப்புதான் பெரிது என்று நினைக்கிறேன். புத்தகம் இப்போது இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. வாசிக்கிறவர்கள் பக்கத்தில் ஒரு தாள் வைத்துக்கொள்ளுங்கள். கோணலாகக் கிழிந்த தாளாக இருந்தால் இன்னும் நல்லது, அவரும் அங்கிருந்துதான் தொடங்குகிறார்.