சிறார் குற்றமும் செங்கோலும்

சோழன் கிள்ளிவளவன் தன் பகைவனாகிய மலையமானின் மக்களை யானைக்காலில் இடுவிக்க முற்பட்டான். கோவூர்கிழார் குறுக்கே நின்று தடுத்தார். யானையைக் கண்ட வியப்பில் அழுகையையும் மறந்து நிற்கும் அப்பிள்ளைகளைப் பாரென்று அவர் மன்னனுக்குக் காட்டிய செய்தியைப் புறநானூறு நமக்குத் தருகின்றது. அப்பிள்ளைகள் குற்றமற்றவர்கள், அவர்பால் இரங்குதல் எளிது. பிள்ளையே கொடுங்குற்றம் புரிந்தானாயின் யாது செய்வது? இவ்வினாவுக்கு விடைகாண நம் நாடு பட்ட பாட்டை ஈண்டுச் சுருக்கமாக நோக்குவோம்.

1860ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டம், ஏழு வயதுக்குட்பட்ட குழந்தையின் செயல் குற்றமாகாது என்றது. ஏழுக்கு மேல் பன்னிரண்டுக்குள் எனில், அறிவு முதிர்ந்ததா என ஆராயச் சொன்னது. அதற்கு மேற்பட்ட சிறுவன் பெரியவர் நின்ற அதே கூண்டில் நின்றான். 1876, 1897ஆம் ஆண்டுகளின் சட்டங்கள் சீர்திருத்தப் பள்ளிகளை அளித்தன. செங்கற்பட்டில் 1887இல் அத்தகைய பள்ளி ஒன்று தோன்றியது. ஆயினும் விசாரணை பொது நீதிமன்றத்திலேயே நடந்தது.

1899இல் அமெரிக்காவின் சிகாகோ நகரில் சிறுவர்க்கெனத் தனி நீதிமன்றம் ஏற்பட்டது. 1908இல் இங்கிலாந்தும் அவ்வழி சென்றது. இந்தியாவில் முதலடி எடுத்து வைத்தது சென்னை மாகாணமே. 1920இல் அது குழந்தைகள் சட்டத்தை இயற்றியது. வங்காளம் 1922இலும் பம்பாய் 1924இலும் பின்தொடர்ந்தன. நாம் வாழும் இவ்வேர்ப்பேடு அந்நாளில் அடங்கியிருந்த சித்தூர் ஜில்லா சென்னை மாகாணத்தைச் சேர்ந்தது. 1953இல் ஆந்திரம் தனி இராஜ்யமான பின்னும் அச்சட்டம் இப்பகுதியை விட்டு நீங்கவில்லை. எல்லை பிரிந்தது, நீதியின் மரபு பிரியவில்லை.

1986இல் நாடு முழுமைக்கும் ஒரே சட்டம் வந்தது. ஆணுக்குப் பதினாறு, பெண்ணுக்குப் பதினெட்டு என வயது வகுக்கப்பட்டது. 2000ஆம் ஆண்டுச் சட்டம் இருபாலர்க்கும் பதினெட்டு என்றது.

2012 டிசம்பரில் தில்லியில் ஓர் இளம்பெண்ணுக்கு நேர்ந்த கொடுமை நாட்டையே உலுக்கிற்று. குற்றஞ்சாட்டப்பட்ட அறுவருள் ஒருவன் பதினெட்டை எட்டாதவன். அவனுக்கு மூன்றாண்டுச் சிறப்பு இல்லவாசமே விதிக்கப்பட்டது. மக்கள் கொதித்தெழுந்தனர். வர்மா குழுவோ வயதைக் குறைக்கப் பரிந்துரைக்கவில்லை. எனினும் 2015இல் புதிய சட்டம் நிறைவேறி, 2016 ஜனவரி 15 முதல் நடைமுறைக்கு வந்தது.

அதன்படி, குறைந்தது ஏழாண்டுத் தண்டனைக்குரிய கொடுங்குற்றம் சாட்டப்பட்டவன் பதினாறு முதல் பதினெட்டு வயதுக்குட்பட்டவனாயின், இளைஞர் நீதிக் குழுமம் அவன் மனத்திறனையும், விளைவை உணரும் ஆற்றலையும், செயல் நிகழ்ந்த சூழ்நிலையையும் ஆராய்கின்றது. பின் வேண்டுமாயின் குழந்தைகள் நீதிமன்றத்துக்கு மாற்றுகின்றது. அங்கே அவன் பெரியவனாகவே விசாரிக்கப்படலாம். ஆயினும் தூக்குத் தண்டனை இல்லை; விடுதலைக்கே இடமற்ற ஆயுள் தண்டனையும் இல்லை. இருபத்தொரு வயதுவரை அவன் பாதுகாப்பிடத்தில் இருப்பான். திருந்தினானா என்று அப்போது மீண்டும் பார்க்கப்படும்.

இங்கேதான் நமக்கோர் ஐயம் எழுகின்றது. குற்றம் மெய்ப்பிக்கப்படுமுன்னரே, குற்றம் புரிந்த மனத்தை எங்ஙனம் அளப்பது? இது நுண்ணிய பணி என்றும், குழுமத்தில் உளநூல் கற்றவர் இல்லையெனில் அத்தகையோரின் துணையைப் பெறவேண்டுமென்றும் 2022இல் உச்சநீதிமன்றம் கூறியது முற்றிலும் பொருத்தமே.

பெண்ணை இழந்த தாயின் கண்ணீர்க்கு விடை சொல்லாத சட்டம் செங்கோலாகாது. அதனை நாம் மறுக்கவில்லை. ஆனால் பதினாறு வயதுப் பிள்ளையைப் பெரியவனென்று பெயரிட்டுவிட்டால் அவன் பெரியவனாகிவிடுவதில்லை. வாக்குரிமைக்கும் திருமணத்துக்கும் முதிராத வயது, சிறைக்கு மட்டும் முதிர்ந்ததாகுமோ?

பிளாட்பாரத்தில் டிக்கெட்டின்றி இறங்கி, போக்கிடமின்றி நிற்கும் சிறுவனை நம்மில் யாவரும் கண்டிருக்கின்றோம். அவன் நீதிமன்ற வாயிலை அடையுமுன், ‘தம்பி, எந்த ஊர்? சாப்பிட்டாயா?’ என்று கேட்க நம் காலனியில் ஒருவரேனும் இருப்பாராக. கோவூர்கிழார் நமக்கு விட்டுச்சென்ற கடமை அதுவே.