கொடி

அம்மாவின் தாலிக்கொடி 11 பவுண். யாழ்ப்பாணத்தில் கொடியின் நிறை ஒற்றை எண்ணில் வர வேண்டும்: 7, 9, 11. சம்பந்தம் பேசும்போது அதுவும் ஒரு பேச்சு. சுண்டுவிரல் தடிப்பில், பவுண் காசுகள் வைத்துச் செய்த அந்தச் சங்கிலியைத் தமிழ்நாட்டு நண்பர்களுக்குப் படத்தில் காட்டினால் தாலி என்று நம்பமாட்டார்கள். எங்கள் ஊரில் ஒருத்தி எந்த வீட்டுக்காரி என்பதை அதுதான் முதலில் சொல்லும்.

1990இல் போர் மறுபடி தொடங்கி, பொருளாதாரத் தடை இறுகியபோது அந்தக் கொடிக்கு வேறொரு வேலை வந்தது. மண்ணெண்ணெய்க்கும் சவர்க்காரத்துக்கும்கூடத் தட்டுப்பாடு. காணியைத் தூக்கிக்கொண்டு ஓட முடியாது. தங்கத்தோடு ஓடலாம். இயக்கத்துக்கும் அது தெரிந்திருந்தது. குடும்பத்துக்கு 2 பவுண் என்று சேர்த்த காலம் அது.

1995 ஒக்டோபர் 30. வலிகாமம் முழுவதும் தென்மராட்சிப் பக்கம் நடந்த இரவு. நாவற்குழிப் பாலத்தில் மழைக்குள் நாங்களும் நின்றோம். அம்மா கொடியைக் கழற்றி, துணியில் சுற்றி, பாவாடை நாடாவோடு முடிந்திருந்தா. கழுத்தில் வெறும் மஞ்சள் கயிறு. அம்மம்மா முணுமுணுத்தா. "கழுத்தில கிடந்தா ஆருக்குப் பிரயோசனம்?" என்று அம்மா சீறினா. அவ அப்படிப் பேசி நான் அதற்குமுன் கேட்டதில்லை.

வன்னியில், மல்லாவியில் இருந்தபோது, கொடி கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்தது. முதலில் காசுகள் போயின. பிறகு தம்பிக்கு மலேரியா வந்த மாதம், மிச்சத்தை ஒரு கடையில் அடைவு வைத்தோம். மீட்கவில்லை. கோயிலுக்குப் போக ஒரு கவரிங் கொடி வாங்கினா. வேர்வை பட்டால் கழுத்துக் கறுக்கும்.

அந்த நாட்களில் என் வயதுப் பிள்ளைகள் சிலரின் கழுத்தில் கறுப்பு நூலில் சயனைட் குப்பி தொங்கியது. தோடில்லை, காப்பில்லை. தெருவில் அவர்கள் சைக்கிளில் போனால் அம்மா முகத்தைப் பார்க்கமாட்டா, கழுத்தைத்தான் பார்ப்பா. வீட்டுக்கு வந்து தன் மஞ்சள் கயிற்றைத் தடவிக்கொண்டு இருப்பா. என்ன நினைத்தா என்று நான் கேட்டதில்லை.

2002இல் பாதை திறந்து நாங்கள் ஊர் திரும்பினோம். திரும்பாதவர்கள் 2009இல் நகையை மண்ணுக்குள் தாட்டார்கள். தமிழீழ வைப்பகத்தில் சனம் அடைவு வைத்த நகைகளும் இராணுவத்தின் கைக்குப் போயின. அடைவுத் துண்டு பங்கருக்குள் தொலைந்திருந்தால் நகை தன்னுடையது என்று எதைக் காட்டி நிறுவுவது?

2025 மே மாதம், போரின் முடிவில் எடுத்த தங்கத்தை இராணுவம் பொலிஸிடம் ஒப்படைத்ததாகச் செய்தி வந்தது. அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். நாங்கள் வைத்தது வைப்பகத்தில் இல்லை, தனியார் கடையில், அதையும் சொன்னேன். அவ அதைக் காதில் வாங்கவில்லை.

"கொழுக்கியில ஒரு நெளிவு இருக்கும். நீ தவழேக்க கடிச்சது. உருக்காமல் வச்சிருப்பினமோ?"