முற்றத்தில் கட்டும் ரேஸ் வண்டி

பாலராமபுரத்துச் சாலியர் தெருக்கள் நூல் பிடித்தாற்போல் நேராகக் கிடப்பதற்குத் தறியில் ஏற்றும் பாவுதான் காரணம் என்பார் அப்பா. விடியும் முன்னே தெரு நீளத்துக்குப் பாவை விரித்து, கஞ்சி போட்டு, வெயில் ஏறுவதற்குள் ஆற்றி எடுத்துவிட வேண்டும். தெரு கோணினால் பாவும் கோணும். பாலராம வர்மா மகாராஜா காலத்தில் திவான் உம்மிணித் தம்பி தெற்கேயிருந்து ஏழு சாலியர் குடும்பங்களைக் கொண்டுவந்து குடிவைத்த ஊர் இது என்பது எங்கள் தெருவில் பிள்ளைகளுக்கும் தெரியும். இருநூறு வருஷம் கழிந்தும் வீட்டுக்குள் தமிழ், முக்குக் கடையில் மலையாளம். நான் குழித்தறியில் இறங்கவில்லை. லேத் பிடித்தேன்.

தெரு நேராக இருந்தால் பையன்கள் சும்மா இருப்பார்களா? 1985இல் யமஹா ஆர்எக்ஸ் 100 வந்தது. 98 சிசி, 11 குதிரைசக்தி. இன்றைக்கு இந்தக் கணக்கைச் சொன்னால் சிரிப்பார்கள். ஆனால் வண்டியின் எடை நூறு கிலோவை ஒட்டித்தான். கிளட்சைக் கொஞ்சம் முரட்டுத்தனமாக விட்டால் முன்சக்கரம் தூக்கும். பாவு விரிக்காத நேரத்தில் எங்கள் தெருவின் ஒரு மூலையிலிருந்து மறு மூலை வரைக்கும் யார் முதலில் என்பது அப்போதே தொடங்கிய வழக்கம். 1996இல் கம்பெனி அந்த வண்டியை நிறுத்தியது. நெய்யாற்றங்கரைக்கும் பாறசாலைக்கும் நடுவே அது நிற்கவில்லை. என் பட்டறைக்குப் போரிங்குக்கு வரும் பேரல்களில் பெரும்பகுதி இன்னும் அதுதான்.

இப்போது என் மருமகனும் அவன் கூட்டாளிகளும் இருங்காட்டுக்கோட்டையில் நடக்கும் தேசிய டிராக் போட்டிக்கு, அதாவது நேர்ப்பாதையில் யார் முதலில் என்று பார்க்கும் பந்தயத்துக்கு, வீட்டு முற்றத்திலேயே வண்டி தயார் செய்கிறார்கள். பார்க்கிறவர்கள் ஏதோ புதுக் கிறுக்கு என்று நினைக்கிறார்கள். இந்தியாவில் ரேஸ் வண்டி பிறந்ததே இப்படித்தான் என்று அவர்களிடம் சொல்லிச் சொல்லி வாய் வலித்துவிட்டது. எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

இரண்டாம் உலகப்போர் முடிந்தபோது உலகமெங்கும் விமான ஓடுபாதைகள் ஆளில்லாமல் கிடந்தன. குண்டு போடும் விமானத்துக்காகக் கொட்டிய கான்கிரீட்; விமானம் போய்விட்டது, கான்கிரீட் மிச்சம். இங்கிலாந்தில் சில்வர்ஸ்டோன் அப்படிப்பட்ட விமானத்தளம்தான். 1948இலேயே அங்கே கிராண்ட் பிரி ஓட்டிவிட்டார்கள். கலிபோர்னியாவில் வறண்ட ஏரிப்படுகைகளில் மண் பறக்க ஓட்டிக்கொண்டிருந்த பையன்களுக்கு 1950இல் சாண்டா அனா விமானத்தளத்தின் ஒரு பாதை கிடைத்தது. டிராக் ரேஸ் ஒழுங்காகக் காசு வாங்கி நடத்தும் போட்டியானது அங்கேதான். அடுத்த வருஷமே வாலி பார்க்ஸ் அதற்கென்று ஒரு சங்கம் தொடங்கினார். தெருவில் செத்துக்கொண்டிருந்த பையன்களை ஒரு வேலிக்குள் கொண்டுவருவதுதான் அவருடைய கவலை.

நம் பக்கத்தில் அந்த மிச்சக் கான்கிரீட் சோழவரத்தில் கிடந்தது. மதராஸுக்கு வடக்கே, செங்குன்றம் தாண்டி, ஏரிக்குப் பக்கத்தில். 1953இல் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் உருவானது. அதன் பின் முப்பது வருஷத்துக்கும் மேலாக தென்னிந்தியாவில் ரேஸ் என்றால் சோழவரம்தான். நான் 1980களில் சென்னையில் ஒரு லேத் பட்டறையில் வேலை பார்த்தேன். புதுப்பேட்டையில் பழைய சாமான் வாங்க அலைவது என் வேலையில் பாதி. எங்கள் பட்டறைக்குச் சோழவரம் வண்டி ஒன்று வரும். அதன் பின்னாலேயே நானும் போவேன். வைக்கோல் கட்டுகளை அடுக்கி வளைவு காட்டியிருப்பார்கள். அந்தப் பக்கம் ஜனம், இந்தப் பக்கம் வண்டி, நடுவே சொல்லிக்கொள்ளும்படி ஒன்றும் கிடையாது. பாதை தட்டையானது, நேரானது. வளைவில் கெட்டிக்காரன் ஜெயிக்கலாம். ஆனால் அந்த நீளத்தில் எஞ்சின் நன்றாக இருப்பவன் தாண்டிப் போய்விடுவான். இன்றைய டிராக்குக்கும் சோழவரத்துக்கும் உள்ள உறவு இதுதான் என்பது என் எண்ணம். ராஜா வீட்டுப் பிள்ளைகள், கோயம்புத்தூர் ஆலைக்காரர்கள், இலங்கையிலிருந்து வந்தவர்கள் என்று எல்லாரும் ஓட்டினார்கள். விஜய் மல்லையா என்சைன் என்ற ஃபார்முலா ஒன் காரையே அங்கே கொண்டுவந்து இறக்கினார். அதைப் பார்க்கக் கூட்டம் ஏறியது. ஆனால் எனக்குப் பிடித்தது ஓரத்தில் நின்ற ஃபியட்டுகளும் ஸ்டாண்டர்ட் ஹெரால்டுகளும்தான்.

மாருதி வருவதற்கு முன் நாட்டில் கிடைத்தவை பெரும்பாலும் மூன்றே மூன்று கார்: அம்பாசடர், ஃபியட், ஸ்டாண்டர்ட். வெளிநாட்டு வண்டிக்கும் சாமானுக்கும் லைசென்ஸ், வரி, காத்திருப்பு. ரேஸ் பிஸ்டன், ரேஸ் கேம்ஷாஃப்ட் என்று கேட்டு வாங்க எந்தக் கடையும் இல்லை. அதனால் டாக்டரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன ஃபியட்டையே ராத்திரியில் பிரிப்பார்கள். ஹெட்டை லேத்தில் ஃபேஸிங் அடித்துக் கம்ப்ரெஷன் ஏற்றுவது, போர்ட்டுகளை அரம் போட்டு வழவழப்பாக்குவது, ஃப்ளைவீலைக் கடைந்து எடை குறைப்பது எல்லாம் வீட்டு ஷெட்டில் நடந்தது. நான்கு கனெக்டிங் ராடும் ஒரே எடைக்கு வரும்வரை தராசில் வைத்து, தேய்த்து, மறுபடி வைப்பார்கள். ஸ்பிரிங்கில் ஒரு சுற்றை வெட்டி வண்டியைத் தாழ்த்துவார்கள். பின்சீட்டைக் கழற்றிக் கூடத்தில் போட்டால் வீட்டுக்காரர்கள் அதில் உட்கார்ந்து பேப்பர் படிப்பார்கள். ரேஸ் முடிந்ததும் சீட் திரும்ப ஏறும், திங்கட்கிழமை வண்டி ஆஸ்பத்திரிக்குப் போகும்.

இந்த வீட்டு வேலையைப் பெரிய அளவுக்குக் கொண்டுபோனவர் கோயம்புத்தூர் கரிவரதன். ஆலை முதலாளிக் குடும்பம். நினைத்திருந்தால் வெளிநாட்டில் வாங்கி ஓட்டியிருக்கலாம். அவரோ மாருதி 800இன் 796 சிசி எஞ்சினை எடுத்து ஒற்றை இருக்கை ரேஸ் கார்களை இங்கேயே கட்டினார். ஃபார்முலா மாருதி என்று பெயர். அதில் ஏறி ரேஸ் கற்றவர்கள் ஒரு தலைமுறை. 1995இல் அவர் விமான விபத்தில் இறந்தார். செட்டிப்பாளையத்தில் 2003இல் திறந்த ஓடுதளத்துக்கு அவர் பெயரையே வைத்தார்கள். கோயம்புத்தூர்க்காரரான நரேன் கார்த்திகேயன் 2005இல் ஃபார்முலா ஒன்னுக்குப் போனபோது பத்திரிகைகள் அதிசயம் என்று எழுதின. அந்த ஊர்ப் பட்டறைகளைப் பார்த்தவனுக்கு அது அதிசயமாகத் தெரிந்திருக்காது.

சோழவரத்துக்குப் பதிலாக 1990இல் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் கிளப் தன் சொந்தத் தளத்தைத் திறந்தது. பைக் டிராக் போட்டி நடப்பது அங்கேதான். உலக வழக்கம் கால் மைல், அதாவது 402 மீட்டர். இருங்காட்டுக்கோட்டையில் 302 மீட்டர். பெங்களூரு ஹேமந்த் முத்தப்பா பெரிய பைக்கில் எட்டு வினாடிக்குள் அதை முடித்துவிடுவார். பலமுறை தேசிய சாம்பியன். அவரைப் பிடிக்க நாங்கள் போகவில்லை. சின்ன வண்டிகளுக்கு வேறு வகுப்புகள் உண்டு, இரண்டு ஸ்ட்ரோக்கும் நான்கு ஸ்ட்ரோக்கும் தனித்தனியாக.

இனி எங்கள் முற்றத்துக்கு வருகிறேன்.

முதல் வேலை விதிப்புத்தகம். பையன்கள் இதைத்தான் வெறுப்பார்கள். எஞ்சின் ஆயில் போல்ட்டுக்குத் துளை போட்டுக் கம்பி கட்டியிருக்க வேண்டும், கழன்று பாதையில் எண்ணெய் கொட்டினால் பின்னால் வருகிறவன் கதி என்ன? ஆள் விழுந்தால் எஞ்சின் தானாக அணைய, கையோடு கயிறு கட்டிய ஒரு சுவிட்ச். முழு உடம்புக்கும் ஒற்றைத் தோல் உடை. இந்த உடைக்குப் போகும் காசில் ஒரு பழைய எஞ்சின் வாங்கலாம் என்று ஒருவன் முனகினான். அவனை அன்றைக்கு லேத் பக்கம் விடவில்லை.

எஞ்சினில் என் பங்கு பேரலும் ஹெட்டும். பிஸ்டன் மேலே ஏறி நிற்கும்போது அதன் விளிம்புக்கும் ஹெட்டுக்கும் எவ்வளவு இடைவெளி என்பதைக் கண்ணால் பார்க்க முடியாது. பிளக் துளை வழியாக ஈயக் கம்பியை விட்டு, கிக்கரை மெல்ல மிதித்து ஒரு சுற்று சுற்றி, நசுங்கிய நுனியை வெர்னியரில் அளக்க வேண்டும். இடைவெளி கூடினால் சக்தி வீண். குறைந்தால் உச்ச வேகத்தில் ராட் நீண்டு பிஸ்டன் ஹெட்டைத் தட்டும். கம்பி சொல்வதைக் கேட்டு ஹெட்டில் ஒரு சின்னச் சீவல், மறுபடி கம்பி. இதற்குக் கணினி வேண்டாம், பொறுமை வேண்டும். மருமகனுக்கு அது இருக்கிறது. மற்றவர்களுக்கு வந்துகொண்டிருக்கிறது.

கார்பரேட்டர்தான் தலைவலி. எங்கள் ஊர்க் காற்று ஈரம், ஸ்ரீபெரும்புதூர்க் காற்று அனல். சூடான காற்று மெலிந்தது. அதே ஜெட்டில் பெட்ரோல் கூடிப்போய் எஞ்சின் இழுக்காது. ஆகவே இங்கே சரியாக இருக்கும் ஜெட் அங்கே ஒரு படி பெரிசு. காலை ஓட்டத்துக்கு ஒன்று, உச்சிவெயிலுக்கு ஒன்று என்று டப்பாவில் அடுக்கிக்கொண்டு போக வேண்டும். ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் பிளக்கைக் கழற்றிப் பார்ப்போம். நுனி பால் குறைந்த சாயாவின் நிறத்தில் இருந்தால் நிம்மதி. வெளுத்திருந்தால் பெட்ரோல் போதவில்லை, பிஸ்டன் உருகப்போகிறது. இதையெல்லாம் எழுதிவைக்க ஒரு கணக்கு நோட்டு: தேதி, வெயில், ஜெட், பிளக் நிறம், டயர் காற்று. எங்கள் வீட்டில் முன்பு நூல் வாங்கிய கணக்கும் இதே மாதிரி நோட்டில்தான் இருந்தது.

வண்டியை விட ஆள் கடினம். டிராக்கில் நேரம் இரண்டாகப் பிரிகிறது. விளக்கு மாறியதற்கும் சக்கரம் நகர்ந்ததற்கும் நடுவே போனது ஒரு கணக்கு. நகர்ந்தது முதல் கோடு தாண்டும் வரை இன்னொரு கணக்கு. இரண்டாவதில் வேகமாக இருப்பவன் முதலாவதில் தூங்கியதால் தோற்கலாம். அமெரிக்காவில் 1963க்கு முன் ஒரு ஆள் கொடியோடு துள்ளிக் குதிப்பான், அவன் தோளைப் பார்த்துத் தப்பாகக் கிளம்புவார்கள். அதனால்தான் விளக்குக் கம்பம் வந்தது. எங்கள் தெரு எலக்ட்ரீசியன் பழைய பலகையில் மூன்று மஞ்சள், ஒரு பச்சை பல்பு வைத்து ஒன்று செய்து கொடுத்தான். சுவிட்ச் என் தங்கை கையில். தறி வேலை முடிந்ததும் வந்து திண்ணையில் உட்கார்ந்துகொள்வாள். அவள் மகன், அதாவது என் மருமகன், வண்டியை ஸ்டாண்டில் நிறுத்தி, கிளட்சைப் பிடித்துக் காத்திருப்பான்.

முதல் நாளே அவள் சொன்னாள்: “அண்ணே, இவன் பச்சையப் பாத்துட்டுல்ல விடுறான். தாமசமாயிருது. கடசி மஞ்ச வரும்பமே கை விட்டிரணும். நாடாவ எறியும்ப அந்தப் பக்கம் போயாச்சான்னு பாத்துட்டா கால் மிதிக்கோம்?”

அனுபவப்பட்ட ஓட்டக்காரர்கள் செய்வதும் அதுதான். கடைசி மஞ்சளிலேயே விடுவார்கள்; வண்டி நகர்வதற்குள் பச்சை வந்துவிடும். அதற்குப் பிறகு சுவிட்ச் அவளுக்கே என்று முடிவானது. மகன் பதறுவதற்காகவே வேண்டுமென்று காக்க வைப்பாள்.

ஸ்டாண்டில் கிளட்ச் விடப் பழகலாம். ஓடிப் பார்க்க எங்கே போவது? இந்தக் கேள்விக்குத்தான் எங்கள் பக்கத்தில் பதில் இல்லை. கழக்கூட்டம்–காரோடு பைபாஸ் எங்களுக்கு மேற்கே போகிறது. முக்கோலையிலிருந்து காரோடு வரைக்கும் பதினாறு கிலோமீட்டர் கான்கிரீட். சோழவரம் போலவே தட்டை, அகலம். வேலை முடியும் முன்னமே பையன்கள் அங்கே போய்விட்டார்கள். 2022 ஜூனில் முக்கோலையில் இரண்டு பைக்குகள் மோதி இரண்டு இளைஞர்கள் போனார்கள். ரேஸ் என்று செய்தி வந்தது. அதே மாதம் கேரள மோட்டார் வாகனத் துறை ‘ஆபரேஷன் ரேஸ்’ என்று ஊரெங்கும் பிடிக்க இறங்கியது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 189ஆம் பிரிவு, அரசின் எழுத்து அனுமதி இல்லாமல் பொதுச் சாலையில் பந்தயம் ஓட்டுவதைக் குற்றம் என்கிறது. வண்டியை மாற்றிக் கட்டுவதைத் தடுப்பது 52ஆம் பிரிவு. கேரள வழக்கு ஒன்றில் 2019இல் உச்ச நீதிமன்றமே அதை இறுக்கிச் சொல்லிவிட்டது. இரண்டும் சரி என்பேன். பைபாஸில் ஓட்டுகிறவனுக்கு என் பட்டறையில் ஒரு வாஷர்கூடக் கடைந்து கொடுப்பதில்லை. ஆனால் பிடிக்கிறவர்களிடம் ஒன்று கேட்கலாம்: வாலி பார்க்ஸ் காலத்துப் போலீஸ்காரர்களில் சிலர் ஓட்டுவதற்கு இடம் தேடவும் உதவினார்கள். திருவனந்தபுரம் மாவட்டத்தில் வேலி போட்ட முந்நூறு மீட்டர் நேர்ப்பாதையும், அதற்குப் பின்னால் பிரேக் பிடிக்க இரண்டு மடங்கு நீளமும் கிடைக்காதா?

கிடைக்கும் வரைக்கும் முற்றமும் நோட்டும் திண்ணை விளக்கும்தான் எங்கள் பயிற்சித் தளம். முழு ஓட்டம் ஓடிப் பார்ப்பதே போட்டிக்கு முந்தின நாள், எழுநூறு கிலோமீட்டருக்கு அப்பால். இதே குறை சோழவரத்து ஃபியட்காரர்களுக்கும் இருந்தது, அவர்களும் பாதையை முதலில் பார்ப்பது ரேஸ் வாரத்தில்தான். எனவே வீட்டில் தப்பு விடக்கூடாது என்பதில் அவர்கள் காட்டிய பிடிவாதம் எனக்குப் புரிகிறது.

வண்டி ரோட்டில் உருளக்கூடாது என்பதால் ஒரு டாடா ஏஸில் கட்டிக் கொண்டுபோகிறோம். களியக்காவிளை, நாகர்கோவில், திருநெல்வேலி, மதுரை வழி. ஹெட்லைட்டும் இண்டிகேட்டரும் இல்லாத வண்டி எதற்கு என்று யார் கேட்டாலும் காட்ட, ஆர்சியையும் போட்டி நுழைவுத் தாளையும் உரிமத்தையும் மருமகன் ஒரு கவரில் போட்டு டேஷ்போர்டில் வைத்திருக்கிறான். பின் ஸ்பிராக்கெட் மட்டும் இன்னும் முடிவாகவில்லை. பல் கூடினால் கிளம்புவது வேகம், ஆனால் கோட்டுக்கு முன்னாலேயே எஞ்சின் மூச்சு முட்டிவிடும் என்கிறான் ஒருவன். குறைந்தால் கிளம்பும்போதே திணறும் என்கிறான் மருமகன். நோட்டிலும் அதற்குப் பதில் இல்லை, இங்கே 302 மீட்டர் ஓடிப் பார்க்க வழியில்லையே. இரண்டையும் டப்பாவில் போடச் சொல்லியிருக்கிறேன்.